பட்டமும் கொக்கானும்: பிள்ளைகளுக்கு நாம் சொல்லாமல் விட்டவை

இடம்பெயர்ந்த குடும்பங்களோடும், மீளக் குடியமர்ந்த குடும்பங்களோடும் பேசக் கிடைக்கும் பொழுதுகளில், பிள்ளைகளைப் பற்றிய பேச்சு இரண்டு விடயங்களைத் தாண்டிச் செல்வது குறைவு. ஒன்று படிப்பு, மற்றது கைபேசி. பிள்ளை புலமைப்பரிசில் சோதனையில் சித்தியடைய வேண்டும்; கைபேசியை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுக்க வேண்டும். இந்தக் கவலையில் நியாயம் உண்டு. காணியும் கிணறும் மாடும் போன பிறகு, எவராலும் பறிக்க முடியாத சொத்தாக மிஞ்சியது கல்வி ஒன்றே என எமது மக்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பல குடும்பங்களைத் தறப்பாளின் கீழும் தலைநிமிர்ந்து வாழச் செய்தது. ஆனால், "நீங்கள் சின்ன வயதில் எதில் ஆசையாக இருந்தீர்கள், அதைப் பிள்ளைக்குக் காட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

"எங்களுக்கு எங்கை பாதர் சின்ன வயசு? ஓடினதுதானே" என்று சிரித்துவிட்டு எழும்பிப் போகிறவர்களே அதிகம்.

இந்தப் பதிலை நாம் அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. ஓடியது உண்மை. இன்று நாற்பதுகளில் இருக்கும் எமது வயதினர், 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது பத்து வயதளவில் இருந்தோம். வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களை விட்டு மக்கள் வெளியேறியது அப்போதுதான். அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களுக்குப் போய்ச் சேர்ந்தன. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதுமே ஓர் இரவில் நடக்கத் தொடங்கியது. பின்னர் வன்னி, அதன் பின்னர் 2009 மே வரையிலான அந்தக் கடைசி மாதங்கள், செட்டிகுளம் மனிக் பாம் முகாம். இதையெல்லாம் மறுப்பதற்கில்லை. ஆனாலும் ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையில் நாம் பிள்ளைகளாகவும் இருந்தோம். மர நிழல் கிடைத்த இடத்தில் போளை அடித்தோம். தேய்ந்த சைக்கிள் ரயரைத் தடியால் தட்டி உருட்டினோம். பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினோம். நுங்கு குடித்து முடிந்த கோம்பையில் வண்டி செய்தோம். எட்டிப் பிடிக்க முடியாத விளாங்காய்க்குக் கல் எறிந்து, வளவுக்காரரிடம் ஏச்சு வாங்கினோம்.

சைக்கிள் டைனமோவையும் மறந்துவிடலாகாது. 1990 இன் பின் குடாநாட்டில் பல ஆண்டுகள் மின்சாரம் இருக்கவில்லை. பற்றறி கொண்டுவரத் தடை இருந்தது. வானொலிச் செய்தி கேட்பதற்காகச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்ற, மற்றவர் வானொலியின் காதைத் திருகிக்கொண்டிருப்பார். பெரியவர்களுக்குச் செய்திதான் தேவை. சிறுவர்களுக்கோ சுற்றுவதே விளையாட்டு. வேகம் குறைந்தால் அறிவிப்பாளரின் குரல் மங்கும், கூடினால் பெட்டி இரையும். டைனமோ தருவது ஆடலோட்டம், வானொலிக்கு வேண்டியது நேரோட்டம் என்பதையும், இடையில் ஓர் இருவாயியைப் பொருத்த வேண்டும் என்பதையும் பாடப் புத்தகத்தில் படிக்க முன்னரே கையால் அறிந்துகொண்ட சிறுவர்கள் ஊருக்கு ஓரிருவர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இன்று பம்பி திருத்துகிறார், இன்னொருவர் தோட்டம் செய்கிறார். அவர்களுடைய பிள்ளைகளோ விஞ்ஞானப் பாடத்தில் மின்காந்தத் தூண்டலை மனனம் செய்துகொண்டிருக்கிறார்கள். தகப்பன் பத்து வயதில் அதைச் செய்தவர் என்பது பிள்ளைக்குத் தெரியாது. தகப்பனும் சொல்லவில்லை. அது துன்பப்பட்ட காலத்துக் கதை, அதில் பிள்ளைக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

இங்கேதான் எமக்குக் கவலை எழுகிறது. இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பெற்றோரின் ஊரைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவை எவை? எத்தனை பரப்புக் காணி போனது, எத்தனை மாடு போனது, வீட்டுக்கு எப்போது செல் விழுந்தது, உறுதி யாரிடம் இருக்கிறது, கச்சேரிக்கு எத்தனை முறை மனுக் கொடுத்தோம் என்பவை. இவையும் சொல்லப்பட வேண்டியவையே. உரிமையை மறந்த சமூகம் அதனைத் திரும்பப் பெறுவதில்லை. ஆனால் இவை மட்டுமே சொல்லப்படும்போது, ஊர் என்பது பிள்ளையின் மனதில் ஒரு கோவையாக, ஒரு வழக்காக, அம்மா அழும் ஓர் இடமாகப் பதிந்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் காணி விடுபடுகிறது. முள்முருக்கு வேலியும் இல்லை, வீடும் இல்லை, பற்றைக்காடு மட்டும் நிற்கிறது. தகப்பனுக்குக் கண் கலங்குகிறது. பதினாறு வயது மகன் நிழல் தேடி நின்று, "இஞ்சை என்னப்பா இருக்கு?" என்று கேட்கிறான். அவனைக் குறை சொல்ல முடியுமா? அந்த வளவில் தகப்பன் மகிழ்ச்சியாக இருந்த ஒரு மாலைப் பொழுதைப் பற்றியாவது அவனுக்கு யாரும் சொல்லியிருக்கிறார்களா?

வலிகாமம் வடக்கில் இன்னும் முழுதாக விடுபடாத காணிகள் உள்ளன. விடுபட்ட காணிகளுக்குப் போவதா, இருபது முப்பது ஆண்டுகள் வாழ்ந்த இடத்திலேயே இருப்பதா என்ற கேள்வி பல குடும்பங்களில் முடிவின்றிக் கிடக்கிறது. அந்த முடிவைக் கடைசியில் எடுக்கப் போகிறவர்கள் பிள்ளைகள்தான்.

சிறு வயது ஆசைகளைப் பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்வது என்று நாம் சொல்லும்போது பெரிய திட்டம் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. பட்டத்தையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் தோட்டக்காரரின், வயற்காரரின் பிள்ளைகளாகப் பிறந்தவர்களில் பட்டம் கட்டாதவர் அரிது. தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடைபெறும் பட்டப் போட்டியை இன்று உலகமெல்லாம் பார்க்கிறது. எமது பிள்ளைகளும் கைபேசியில் பார்க்கிறார்கள். அது பெரிய கலை, அதில் பெருமைப்படலாம். நாம் பேசுவது வீட்டுப் பட்டத்தை. தென்னை ஈர்க்கில் கட்டி, பழைய கொப்பித் தாளை ஒட்டி, கிழிந்த சீலைத் துண்டில் வால் வைத்துச் சின்னவனுக்குக் கொடுப்பது முதற் படி. கடையில் பசை வாங்க வேண்டியதில்லை. நறுவிலிப் பழத்தைப் பிதுக்கினால் வரும் பசையும் விளாம்பிசினும் எமது தாத்தாமார் கண்ட பசைகள். கோதுமை மாவைக் காய்ச்சினாலும் போதும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு மூங்கில். முற்றிய மூங்கிலைப் பிளந்து சிலாகையாகச் சீவுவது பொறுமையான வேலை. சீவிய சிலாகையின் நடுவை விரலில் வைத்து நிறை பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் சீவ வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் அந்தப் பக்கம் சரிந்துகொண்டேயிருக்கும். அதன் பின் முச்சை. பட்டத்தின் முழுச் சூட்சுமமும் முச்சையில் இருக்கிறது. காற்று பலமாக வீசினால் மேற்கயிற்றைச் சற்றுக் குறுக்க வேண்டும். பட்டம் சுழன்று குத்தினால் வாலை நீட்ட வேண்டும். இதைப் பத்து முறை சொல்லி விளங்கப்படுத்த முடியாது. இரண்டு முறை பட்டம் மண்ணில் குத்தினால் பிள்ளைக்கே விளங்கும்.

கொக்கு, பருந்து, வௌவால், எட்டுமூலை என்று பட்டங்கள் பலவாயினும், விண் பூட்டாத பட்டம் எமக்குப் பட்டமாகத் தோன்றியதில்லை. வில்லாக வளைத்த சிலாகையில் பட்டையான நாரை இழுத்துக் கட்டி, பட்டத்தின் தலைப்பக்கம் பூட்டுவார்கள். முன்னாளில் பனை மட்டையில் உரித்த நார்; பின்னாளில் பொதி கட்டும் நாடா. காற்றில் அந்த நார் அதிர்ந்து கூவும். இரவில் பட்டத்தை மரத்தில் கட்டிவிட்டுப் படுத்தால் விடியும்வரை வானத்தில் அந்த ஒலி கேட்டுக்கொண்டேயிருக்கும். காற்று இறங்கினால் குரல் இறங்கும். நித்திரையிலும் அதைக் கேட்டு, "காத்து விழுகுது, பட்டத்தை இறக்கு" என்று எழும்பிய தகப்பன்மார் உண்டு.

அந்தக் காது வயல் செய்கிறவனின் காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வாடைக் காற்றில் பட்டம் ஏறும் மார்கழி, தை மாதங்களில்தான் வன்னியில் காலபோக நெல் கதிர் முற்றுகிறது. மழை விட்டுவிட்டதா, இன்னும் ஒரு மழை இருக்கிறதா என்று விவசாயி வானத்தைப் பார்ப்பதும் அப்போதுதான். மகனும் மகளும் அதே வானத்தைப் பட்டத்துக்காகப் பார்த்தால், வாடை எது, சோளகம் எது, கொண்டல் எது என்று தானாகப் பழகும். மட்டக்களப்பு விவசாயிக்கு ஆனி, ஆடியில் வீசும் கச்சான் காற்றின் கொதிப்புத் தெரியும். அங்கிருந்து இடம்பெயர்ந்து வேறு இடத்தில் வளர்ந்த பிள்ளைக்குக் கச்சான் என்றால் வறுத்துச் சாப்பிடும் நிலக்கடலை மட்டும்தான். அதுவும் நல்லதே, ஆனால் காற்றையும் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

மகளும் என்று எழுதியதைச் சிலர் கவனித்திருப்பார்கள். வேண்டுமென்றே எழுதினோம். பட்டம் ஆண் பிள்ளைக்கு, கொக்கான் பெண் பிள்ளைக்கு என்று யாரும் கல்லில் எழுதி வைக்கவில்லை. தகப்பன் மகளுக்குப் பட்டம் கட்டிக் கொடுக்கட்டும். தாய் மகனுக்குக் கொக்கான் வெட்டக் காட்டட்டும். அவன் தோற்றுப்போவான் என்பது வேறு விடயம்.

தாய்மாரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் பொழுதுபோக்கு என்று எதுவாவது முதலில் கைவிடப்பட்டால் அது தாயினுடையதாகவே இருக்கிறது. ஆண்கள் இடம்பெயர்ந்த இடத்திலும் சந்தியில் நின்று பேசினார்கள், கரப்பந்து கட்டினார்கள், கடுதாசி விளையாடினார்கள். பெண்கள் தண்ணீர் வரிசையில் நின்றார்கள். தாயிடம் "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால், பிள்ளைகளுக்குப் பிடித்த கறியின் பெயரைச் சொல்வார். வன்னியில் மீளக் குடியமர்ந்த ஒரு கிராமத்தில், பெண்கள் கூட்டம் தொடங்கப் பிந்திய ஒரு நாளில், ஒருவர் முற்றத்தில் கிடந்த ஐந்து கல்லை எடுத்து எறிந்து பிடிக்கத் தொடங்கினார். கை பழையபடி ஓடியது. அடுத்தவர் வந்து குந்தினார். கால் மணி நேரத்தில் அங்கே பெரிய சத்தம். யார் கல்லைத் தட்டினார், யார் தட்டவில்லை என்ற வழக்கு. கூட்டத்துக்கு வந்திருந்த பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்கள். தங்கள் தாய் இப்படிச் சிரிப்பார் என்பதே அவர்களுக்குப் புதினமாக இருந்தது. கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேமிப்பு, கடன் என்று பல விடயங்கள் இருந்தன. அவற்றில் எதைப் பேசினோம் என்பது இப்போது எமக்கு நினைவில் இல்லை.

இன்னொரு வகைக் குடும்பங்களும் எம்மிடையே பல உண்டு. அங்கே தகப்பன் இல்லை. இறந்தவர்கள் ஒருபுறம், காணாமல் ஆக்கப்பட்டவர்கள் ஒருபுறம். 2009 இல் கைக்குழந்தையாக இருந்த பிள்ளை இன்று வளர்ந்து நிற்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் என்றால் சுவரில் ஒரு படம். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி. ஆணைக்குழுக்களுக்கு அனுப்பிய விண்ணப்பங்கள். தாய் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் அமர்ந்த நாட்கள். தகப்பனைத் தேடும் அந்தப் போராட்டத்துக்கு நாம் தலை வணங்குகிறோம். அதோடு சேர்த்து, அந்த மனிதர் பன்னிரண்டு வயதில் எப்படி இருந்தார் என்பதையும் யாராவது பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். தாய்க்குத் தெரியாவிட்டால் அப்பம்மாவுக்குத் தெரியும். ஊரில் கூடப் படித்தவருக்குத் தெரியும். "உன்ரை அப்பா குளத்திலை தூண்டில் போட்டால் விரால் இல்லாமல் வரமாட்டார், நாக்கிளிப் புழுவைப் பேணியிலை போட்டு ஒளிச்சு வைச்சு அப்பம்மாட்டை அடி வாங்கினவர்" என்று ஒரு சித்தப்பா சொன்னால், அந்தப் பிள்ளைக்கு அதுவரை இல்லாத ஒரு தகப்பன் கிடைக்கிறார். எந்த அலுவலகமும் கொடுக்க முடியாத விபரம் அது. தகப்பனின் நண்பர்கள் இருந்தால், வருடத்தில் ஒரு நாளாவது அந்தப் பிள்ளையை அதே குளத்தடிக்குக் கூட்டிச் சென்று தூண்டிலைக் கையில் கொடுங்கள். நிவாரணப் பொதி கொடுப்பதிலும் பார்க்க அது கடினமானது என்பது எமக்குத் தெரியும். அழுகை வரும். வரட்டும்.

எமது யோசனைக்கு வரும் மறுப்புகளையும் கேட்டிருக்கிறோம். முதலாவது, நேரம் இல்லை என்பது. விடிய நான்கு மணிக்குத் தண்ணீர் இறைக்கிறவருக்கும், கூலி வேலைக்குப் போய் இருட்டிய பின் வருகிறவருக்கும் இது வெறும் சாட்டு அல்ல. ஆனால் தோட்டத்துக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிச் செல்கிற ஞாயிறு பின்னேரங்கள் இருக்கின்றன. 2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டம் வந்து பாடசாலைகள் மூடப்பட்டபோது, பெற்றோரும் பிள்ளைகளும் வாரக்கணக்கில் ஒரே வளவுக்குள் இருக்க நேர்ந்தது. சில வீடுகளில் சண்டை பெருகியது. வேறு சில வீடுகளில் திண்ணையில் கரிக்கோடு கீறித் தாயம் விளையாடினார்கள். சோகி இல்லாதவர்கள் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது மறுப்பு, படிப்புக் கெட்டுவிடும் என்பது. ஐந்தாம் தரப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நேரே ரியூசனுக்கும், அங்கிருந்து இன்னொரு ரியூசனுக்கும் அனுப்புகிற வழக்கத்தை நாம் ஒருபோதும் நல்லதென்று சொன்னதில்லை, இப்போதும் சொல்லமாட்டோம். 1989 இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றி, 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமையாகவே சொல்கிறது. உணவுக்கும் கல்விக்கும் உள்ள உரிமையைப் போல அதுவும் ஓர் உரிமை.

மூன்றாவது மறுப்பை வாய்விட்டுச் சொல்வதில்லை; முகத்தில் தெரியும். அது வெட்கம். பனையோலையில் காற்றாடியும் கிலுகிலுப்பையும் பின்னத் தெரிந்த ஒரு தாய், அதைப் பிள்ளைக்குக் காட்ட மாட்டார். பாடசாலையில் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்று பயம். இன்ன வேலை இன்ன ஆட்களுக்கு என்று பிரித்து வைத்த எமது பழைய நோய் முகாமுக்கும் கூடவே வந்தது. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தும் அது முற்றாக மாறவில்லை. பனையோலை வேலைக்குச் சாதி ஒட்டியிருப்பதாக நினைக்கிறவர்கள், பனை அபிவிருத்திச் சபை 1978 இல் அமைக்கப்பட்டதிலிருந்து அதே ஓலையில் செய்த பொருட்கள் கடைக் கண்ணாடிக்குள் வைத்து விற்கப்படுவதையாவது பார்க்கட்டும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் காசு கொடுத்து வாங்கிப் போவதை எமது வீட்டுப் பிள்ளை செய்யப் பழகினால் என்ன குறைந்துவிடும்?

முகாம்களில் தொண்டு நிறுவனங்கள் சிறுவர்களுக்கெனக் கொட்டகைகள் அமைத்து, பந்தும் வர்ணப் பென்சிலும் கொடுத்தன. அது வேண்டிய உதவிதான். ஆனால் அங்கே பெற்றோர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். விளையாட்டுச் சொல்லிக் கொடுக்க வேறு ஊரிலிருந்து பயிற்சி பெற்ற தம்பிமார் வந்தார்கள். பந்தும் பென்சிலும் முடிந்த பிறகு ஒன்றும் மிஞ்சவில்லை. அதே முகாமின் ஒரு மூலையில், பத்து ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து கிளித்தட்டுக் கோடு கீற முயன்று, எத்தனை பெட்டி, கிளி எந்தக் கோட்டால் ஓடலாம் என்று ஊருக்கு ஊர் சட்டம் வேறாக இருந்ததால் சண்டை பிடித்தார்கள். ஒரு முதியவர் வந்து தீர்ப்புச் சொன்னார். மற்ற ஊர் முதியவர் அது பிழை என்றார். அன்று முழுவதும் விளையாட்டு நடக்கவில்லை. ஆனால் முகாமில் பல மாதம் பேசாமல் படுத்திருந்த இரண்டு கிழவர்கள் எழும்பி வந்திருந்தார்கள்.

எல்லாவற்றையும் அப்படியே பிள்ளையிடம் கொடுக்கலாம் என்று நாம் சொல்லவில்லை. கெற்றப்போலால் குருவி அடித்த கதையைச் சொல்லலாம், கெற்றப்போலைக் கொடுக்கத் தேவையில்லை. மின்சாரம் இல்லாத ஊரில் நாம் பட்டம் ஏற்றினோம். இன்று ஒழுங்கைக்கு ஒழுங்கை மின்கம்பி போகிறது. ஈர நூலும் கம்பியும் உயிரைக் குடிக்கும். வெளியான இடம் பார்த்து, பெரியவர் ஒருவர் கூட நின்றே ஏற்ற வேண்டும். பெரிய பட்டம் விளையாட்டுச் சாமான் அல்ல. 2021 டிசெம்பரில் பருத்தித்துறைப் பக்கத்தில் கயிற்றை விடாமல் பிடித்திருந்த ஓர் இளைஞரைப் பட்டம் அந்தரத்தில் தூக்கிய படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள், அவர் உயிர் தப்பியதை நினைத்துக்கொள்ளட்டும். பற்றைக்குள் புகுந்து பழம் பறித்ததும் இரும்பு பொறுக்கியதும் எமது காலத்து விளையாட்டு. 2009 இன் பின் மீண்டும் மக்கள் போன நிலங்களில் அந்தப் பழக்கத்துக்கு இடமில்லை. கண்ணிவெடி அகற்றும் வேலை பல இடங்களில் முடிந்தபோதும், முகமாலை போன்ற பகுதிகளில் நீண்ட காலம் தொடர்ந்தது. சிவப்புப் பலகை உள்ள இடத்தைத் தாண்டக் கூடாது, தெரியாத பொருளைத் தொடக் கூடாது, கண்டால் பெரியவருக்குச் சொல்ல வேண்டும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டே காட்டுப் பழத்தின் கதையைத் தொடங்குங்கள்.

பிள்ளைக்குப் பிடிக்காமலும் போகலாம். தகப்பன் இரண்டு நாள் செலவழித்துக் கொக்குப் பட்டம் கட்ட, மகன் அரை மணி நேரத்தில் அலுத்துப்போய் உள்ளே போய்விடுவான். கோபம் வரும். "எங்கடை காலத்திலை..." என்று தொடங்கும் பேச்சை அந்த இடத்தில் விழுங்கிவிடுவது நல்லது. பிள்ளையின் ஆசை வேறாக இருந்தால், அது என்னவென்று கேட்டு அவன் பக்கத்தில் போய் இருங்கள். கைபேசியில் அவன் பார்க்கிற விளையாட்டைக் கூட ஒரு முறை விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். தகப்பனுக்குத் தான் ஒன்றைச் சொல்லிக் கொடுத்தேன் என்ற பெருமை அவனுக்கும் கிடைக்கட்டும். பொழுதுபோக்கை இன்னொரு ரியூசனாக்கி, "பார், மற்றப் பிள்ளை எவ்வளவு வடிவாகச் செய்கிறது" என்று ஒப்பிட்டால், மிஞ்சியிருக்கிற கொஞ்ச ஆசையும் போய்விடும். தகப்பன் தன் பாட்டில் முற்றத்தில் இருந்து மூங்கில் சீவட்டும். சில நாளில் பிள்ளை வந்து பக்கத்தில் இருக்கும். வந்திருந்தால் கத்தியைக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்; முதலில் சிலாகையைப் பிடிக்கக் கொடுங்கள்.

இக்கட்டுரையை வாசிக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் கிளித்தட்டுக்கு எத்தனை பெட்டி கீறினீர்கள், கிட்டிப்புள்ளை எப்படி எண்ணினீர்கள், கொக்கானில் கடைசி ஆட்டத்துக்கு என்ன பெயர், விண்ணுக்கு எந்த நார் பூட்டினீர்கள், மாரி கழிந்து குளம் வற்றும்போது எந்த மீனை எப்படிப் பிடித்தீர்கள் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி, பிள்ளையின் கையெழுத்திலேயே இவ்விதழுக்கு எழுதி அனுப்புங்கள். ஊரின் பெயரையும் எழுதுங்கள். பிரதேச செயலகத்தின் பதிவில் உள்ள பெயரை அல்ல, நீங்கள் கூப்பிட்ட பெயரை. பிழை திருத்த வேண்டாம். தாத்தா ஒன்று சொல்ல அப்பா வேறொன்று சொன்னால் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். வாடைக்காற்று தொடங்க முன் வந்து சேருபவற்றை அடுத்த இதழில் வெளியிடுவோம்.